புகைமேட்டு மூடிகள்

எங்கள் வீட்டில் டிராகன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அத்தைக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "டிராகனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது பறநாகம். நான் வச்ச பேரை ஒழுங்கா சொல்லுங்க" என்பார். அத்தை என்றால் என் மாமியார். 'புகைமேடு' என்ற மாயாஜால நாவலின் இரண்டு பாகங்களை எழுதி ஊரையே பைத்தியமாக்கியவர். மூன்றாம் பாகத்தையும் எழுதி முடித்து, தன் துணி அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுக்கொண்டு திரிகிறவர்.

அந்தப் பறநாகத்தைத் திரைத்தொடருக்காகக் கம்ப்யூட்டரில் வரைந்தவன் அவருடைய மகன், அதாவது என் கணவன். அதே பறநாகத்துக்கு வானொலி நாடகத்தில் சத்தம் கொடுத்தவள் நான். ஆக, ஒரே சாப்பாட்டு மேசையில் மூலக்கதை, திரை, வானொலி மூன்றும் உட்கார்ந்து சாப்பிடும். மாமா மட்டும் கட்சி சேராமல், யார் பேசினாலும் அந்தப் பக்கம் தலையாட்டிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொள்வார்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புகைமேடு ஒரு குன்று. அதன் குகையில் பறநாகம் இருக்கிறது. அது ஆளைத் தின்னாது, இளவரசியைத் தூக்காது, தங்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அடிவாரத்து ஊருக்குள் இறங்கி வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு சின்னச் சாமானை எடுத்துக்கொண்டு போய்விடும். பாத்திர மூடி, ஒற்றைச் செருப்பு, குடை, கரண்டி, கதவுத் தாழ்ப்பாள். அதையெல்லாம் குகையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் நகத்தால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும். பறநாகம் பேசாது. ஒரே ஒரு சத்தம் போடும். அது எப்படிப்பட்ட சத்தம் என்று அத்தை எழுதவே இல்லை. கேட்டவர்கள் அவரவர் செய்த தப்புக்குத் தகுந்த மாதிரி அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் பாகத்தின் கடைசியில் ஊரார் ஈட்டியும் தீவட்டியுமாக மலையேறுகிறார்கள். பறநாகம் சாகுமா, பிழைக்குமா? அது அலமாரிக்குள், போர்வைக்கு அடியில் இருக்கிறது.

முதலில் வந்தது திரைத்தொடர். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். பறநாகம் செதில் செதிலாக ஜொலித்தது. மூக்கிலிருந்து புகை வந்தது. என் கணவன் ராப்பகலாக உழைத்த உழைப்பு அது, குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் குகைக்குள் காமிரா நுழைந்ததும் பார்த்தால் மலை மலையாகத் தங்கம்! மூடியைக் காணோம், செருப்பைக் காணோம். அது போதாதென்று பறநாகம் வாயைத் திறந்து, கரகரத்த ஆண் குரலில், தன் இளமைக்காலச் சோகத்தைப் பத்து நிமிடம் எடுத்துச் சொன்னது.

"பேசுதா?" என்றார் அத்தை.

"தயாரிப்பாளர்தான்மா பேசணும்னு சொன்னாரு" என்றான் என் கணவன்.

"தங்கம்?"

"மூடியைக் காட்டினா எவன் பாப்பான்னு கேட்டாரு."

அத்தை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இடது புருவத்தை மட்டும் தூக்கித் திரையைப் பார்த்தார். அதே நேரம் திரையில் பறநாகமும் இடது புருவத்தை மட்டும் தூக்கி எங்களைப் பார்த்தது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து ஓடினேன். அன்றைக்குப் படுக்கையறையில் என் கணவனைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய், அது உங்கம்மா புருவம்."

"போடி. அது பறநாகத்தோட புருவம்."

"பறநாகத்துக்கு எதுக்குடா புருவம்?"

அவன் தலையணையால் என் வாயை அடைத்தான். (நாங்கள் வாடா போடி என்பது அறைக்குள் மட்டும். கதவைத் திறந்தால் நான் 'நீங்க', அவன் 'ஏம்மா'.)

இப்போது என் பக்கம் வருகிறேன். வானொலியில் என் வேலை, இல்லாததை இருப்பதாகக் காதுக்கு நம்பவைப்பது. குடையைப் படக்கென்று விரித்து மூடினால் இறக்கை. மாமாவின் பழைய தோல் செருப்பைச் சரளைக்கல் தட்டில் அழுத்தினால் மலையேறும் கூட்டம். ஓட்ஸ் கஞ்சி கெட்டியாகக் கொதித்தால் எரிமலைக் குழம்பு. இதெல்லாம் கடையில் புதிதாக வாங்கினால் சரியாக வராது. புழங்கிய சாமானுக்குத்தான் குரல் உண்டு. அதனால் வீட்டில் எது நன்றாகச் சத்தம் போடுகிறதோ அது என் பைக்குள் ஏறி நிலையத்துக்கு வந்துவிடும். திரும்பிப் போவது கொஞ்சம் தாமதமாகும். சரி, போகவே போகாது. நாடக அறையின் மூலையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பாதி குடியிருக்கிறது. குகைக் காட்சிக்கு இருபது மூடியாவது வேண்டாமா?

எல்லாம் கிடைத்தது, பறநாகத்தின் அந்த ஒரு சத்தம் மட்டும் கிடைக்கவில்லை. இரும்புக் கதவை இழுத்தேன். சாக்கைக் கிழித்தேன். பழைய லாரியின் ஹாரன் சத்தத்தைப் பதிவுசெய்து தலைகீழாக ஓட்டினேன். ஒன்றும் தேறவில்லை. எல்லாம் வெறும் சத்தமாக இருந்தது. கேட்டவுடன் 'ஐயோ, நான் என்ன தப்பு பண்ணினேன்' என்று மனசு பதற வேண்டாமா?

ஒரு காலையில் எரிமலைக்காக அடுப்பில் கஞ்சியை ஏற்றி, பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். பிற்பாடு நிலையத்தில் போட்டுக் கேட்டால், குபுக் குபுக் என்ற கொதிப்புக்கு நடுவே அத்தை வந்து, கஞ்சியைக் கரண்டியால் எடுத்துச் சுவைத்து, "ம்" என்றது பதிவாகியிருந்தது.

அந்த 'ம்' எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அதற்குப் பொருள் தேடிக்கொண்டிருப்பவள் நான். நன்றாக இருக்கிறதா, இல்லையா, போனால் போகிறது என்றா, இவளுக்கு இவ்வளவுதான் வரும் என்றா? ஒரு முகபாவமும் இருக்காது. அந்த 'ம்'மை வைத்துக்கொண்டு நான் முழு ஞாயிற்றுக்கிழமையும் மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு. எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஒலிப்பொறியாளரிடம் ஓடினேன். எப்போதும் எதையாவது திருகிக்கொண்டே இருப்பதால் அவருக்குக் குமிழ் என்று பெயர். "குமிழண்ணே, இதை எட்டு மடங்கு மெதுவா ஓட்டுங்க" என்றேன். ஓட்டினார். தரை அதிர்ந்தது. மேசையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. குமிழண்ணன் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எம்மா, நேத்து உன் டீயை நான்தான் குடிச்சேன். மன்னிச்சுடு" என்றார்.

கிடைத்துவிட்டது! நான் அந்த அறையிலேயே குதித்தேன். "யார் குரல்மா இது?" என்று அவர் கேட்டபோது, "என்னோடதுதான்" என்று கூசாமல் புளுகினேன். உண்மை வீட்டுக்குப் போனால் என்னாவது?

நாடகம் ஒலிபரப்பானதும் ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. பேருந்தில் சில்லறை கேட்டால் நடத்துநர் "ம்ம்ம்ம்" என்றார். பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் ஒன்றையொன்று "ம்ம்ம்ம்" என்று பயமுறுத்தின. அத்தையும் தன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "இது சரியா இருக்கு. எங்கயோ கேட்ட மாதிரியும் இருக்கு" என்றார். மாமா எழுந்து அவசரமாகச் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். அந்த 'ம்'மை என்னைவிட அதிகக் காலம் கேட்டவர் அவர்தானே.

அதன்பிறகுதான் வந்தது வினை. மூன்றாம் பாகத்தைத் திரை, வானொலி இரண்டில் ஒன்றுக்குத்தான் கொடுப்பேன், அதையும் நூலகத்து வாசகர் கூட்டத்தில்தான் அறிவிப்பேன் என்று அத்தை சொல்லிவிட்டார். எங்கள் நிலைய இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, மூன்றாம் பாகம் வராவிட்டால் நாடக அறையை நாற்காலி போட்டுவைக்கும் கிடங்காக்கிவிடப் போவதாகவும், எனக்கு வானிலை அறிக்கை காத்திருப்பதாகவும் நிதானமாகச் சொன்னார். வானிலை! வெயிலுக்கு என்ன சத்தம் கொடுப்பது?

என் கணவனும் சும்மா இல்லை. தயாரிப்பாளர் அவனைக் குடைந்தெடுத்தார். பத்தாயிரம் ஈட்டி, இடி மின்னல், கடைசியில் பறநாகம் அலறிக்கொண்டு பாதாளத்தில் விழுந்து சாக வேண்டும். அதை நினைத்தாலே அவனுக்கு முகம் சுருங்கியது. "அதை நான் எப்படிடி சாகடிப்பேன்? அந்தப் புருவத்தை..." என்று ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஒத்துக்கிட்டியா? உங்கம்மா புருவம்தான்னு ஒத்துக்கிட்டியா?" என்று நான் கட்டில்மேல் ஏறி நின்று கத்தினேன். வெளியிலிருந்து அத்தையின் குரல் கேட்டது: "என்ன அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல அத்தை. அவங்க கால்ல கட்டில் இடிச்சுடுச்சு!"

கூட்டத்தன்று நூலக அரங்கில் உட்கார இடமில்லை. நூலகர் அம்மா அலமாரிகளைச் சுவரோடு ஒதுக்கியும் ஆட்கள் ஜன்னல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். மேடையில் அத்தை நடுவில், ஒரு பக்கம் நானும் குமிழண்ணனும், மறுபக்கம் என் கணவனும் கறுப்புக் கண்ணாடி போட்ட தயாரிப்பாளரும். முன்வரிசையில் மாமா, எல்லாப் பக்கமும் தலையாட்டத் தயாராக.

வந்திருந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். ஒருவர் எழுந்து, முதல் பாகத்தில் குகை வாசல் வடக்கே பார்த்திருக்க, திரையில் ஏன் சூரியன் அதற்குள் உதிக்கிறது என்று கேட்டார். கடைக்கோடியிலிருந்து ஒரு பல் டாக்டர், பறநாகத்துக்குத் திரையில் கடைவாய்ப்பல் ஒன்று கூடுதலாக இருப்பதாக ஆதாரத்தோடு சொன்னார். என் கணவன் குனிந்து தன் நாக்கால் பல்லை எண்ணிப் பார்த்துக்கொண்டான். என்னையும் விடவில்லை. ஆற்றைக் கடக்கும் காட்சியில் துடுப்புச் சத்தம் வாளிக்குள் கேட்ட மாதிரி இருந்ததாம். வாளிதான். வாயைத் திறக்காமல் சிரித்து வைத்தேன்.

அப்புறம் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு தையல்காரம்மா எழுந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருப்பார் போல.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அந்த 'ம்' இருக்கே, அது எப்படிங்க பண்ணீங்க? அதைக் கேட்டதுமே நான் என் நாத்தனார்கிட்ட போய் மன்னிப்புக் கேட்டுட்டேன்."

அரங்கம் சிரித்தது. நான் பொதுவாக ஏதோ மழுப்ப வாயெடுத்தேன். அதற்குள் குமிழண்ணன் எழுந்துவிட்டார். பாவம், அவர்மேல் தப்பில்லை. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம், முதல்முறையாக ஒருவர் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். மேலும் மெதுவாக்கிய சத்தத்தை மட்டுமே கேட்டிருந்ததால், அது என் குரல் என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"அருமையான கேள்விம்மா! நீங்க நாடகத்துல கேட்டது மெதுவாக்கினது. அசல் எப்படி இருந்ததுன்னு போட்டுக் காட்டறேன் பாருங்க" என்று மடிக்கணினியைத் திறந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

குபுக். குபுக். கரண்டி ஒன்று பாத்திரத்தில் இடித்தது. பிறகு அரங்கத்தின் எல்லா ஒலிபெருக்கியிலும் என் மாமியார் சொன்னார்: "ம்."

அதோடு நின்றிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். குமிழண்ணனோ முழுப் பதிவையும் ஓடவிட்டிருந்தார். அடுத்த நொடி அதே குரல் தொடர்ந்தது: "இதோட மூடியையும் எடுத்துட்டுப் போயிட்டாளா?"

அந்த வாக்கியம் அந்தப் பதிவில் இருந்தது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன். ஆனால் தினமும் வீட்டில் கேட்கிற வாக்கியம் என்பதால் காதில் ஏறவே இல்லை. காதை வைத்துப் பிழைக்கிறவள் நான்!

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு தையல்காரம்மாவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"ஒரு நிமிஷம். அப்போ பறநாகத்தோட குரல் எழுத்தாளர் அம்மாவோடது. சரி. ஆனா அவங்க வீட்ல மூடியை எடுத்துட்டுப் போறது யாரு?"

"செருப்பும் போகுது! என்னோட வலது கால் செருப்பு!" என்று மாமா முன்வரிசையிலிருந்து எழுந்தார். அந்த மனுஷன் இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு கட்சி சேர்ந்தது அப்போதுதான்.

"குடையும் போச்சு" என்றான் என் கணவன், ரொம்ப மெதுவாக. அவனுக்கும் அப்போதுதான் புரிந்தது.

"தட்டித் தட்டிக் கேக்கும்னு புத்தகத்துல இருக்கே! நகத்தால தட்டித் தட்டி!" என்று பல் டாக்டர் கூவினார். இருநூறு பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் என் கைகளைப் பார்த்தேன். மேசைமேல் இருந்த கண்ணாடிக் குவளையை என் விரல் நகம் தன்பாட்டுக்கு டிங் டிங் என்று தட்டிக்கொண்டிருந்தது.

நான்தான். பறநாகம் நான்தான்! முதல் பாகத்தை நான்கு தடவை படித்திருக்கிறேன். திரையில் எதை விட்டார்கள், வானொலியில் எதைச் சேர்த்தோம் என்று வரிவரியாக ஒப்பிட்டு அவனோடு சண்டை போட்டிருக்கிறேன். எதிலிருந்து எது வந்தது என்று மட்டும் எனக்கு உறைக்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை என்பார்களே, அந்த நிலைமை. மூன்றாம் பாகம் போயிற்று, நாடக அறை போயிற்று, நாளை முதல் வெயிலும் மழையும்தான் என்று நினைத்துக்கொண்டு, "அத்தை..." என்றேன்.

அத்தை ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. இடது புருவம் மேலே போனது. திரைத்தொடர் பார்த்தவர்கள் அத்தனை பேரும் "ஆ!" என்றார்கள். என் கணவன் மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தான்.

"இவ எங்க வீட்டுக்கு வந்த புதுசு. பேசவே மாட்டா. ஒவ்வொரு சாமானா எடுப்பா, தட்டுவா, காதுல வச்சுக் கேப்பா, பைல போட்டுக்குவா. எதுக்குடி எடுக்கறேன்னு கேட்டா பயந்துடுவாளோன்னு நான் கேக்கல. கேக்காததால கதையா எழுதிட்டேன். நான் இவளை வச்சுப் பறநாகம் பண்ணேன். இவ என்னை வச்சுப் பண்ணியிருக்கா. என் பையன் என் புருவத்தைத் தூக்கிட்டுப் போயிட்டான். நல்ல குடும்பம்!"

கைதட்டலில் ஜன்னல் விளிம்பில் இருந்த ஒருவர் உள்ளே விழுந்தார். தயாரிப்பாளர் விடுவாரா? கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், திரையில இருக்கற பிரம்மாண்டம் வருமா? நாங்க குகை முழுக்கத் தங்கத்தைக் கொட்டினோமே!"

"தம்பி, எங்க வீட்ல தங்கம் காணாமப் போகல. மூடிதான் போச்சு" என்றார் அத்தை. "மூணாம் பாகம் வானொலிக்கு."

குமிழண்ணன் என்னைக் கட்டிப்பிடிக்க வந்து, பாதியில் வெட்கப்பட்டு மடிக்கணினியைக் கட்டிக்கொண்டார். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. எதிர்ப்பக்கம் என் கணவன், பத்தாயிரம் ஈட்டியிலிருந்து தப்பித்த நிம்மதியில், தோற்றவனுக்குக் கொஞ்சமும் பொருந்தாத சிரிப்போடு கைதட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு நிபந்தனை" என்றார் அத்தை. அரங்கம் அடங்கியது. "மூடியெல்லாம் வீட்டுக்கு வந்தாகணும்."

"ஒலிப்பதிவு முடிஞ்சதும் கொண்டாந்துடறேன் அத்தை."

அத்தை என்னைப் பார்த்தார். ஒலிவாங்கியில், சாதாரண வேகத்தில், "ம்" என்றார். இருநூறு பேரும் தங்கள் தப்புகளையெல்லாம் ஒரு கணம் நினைத்துப் பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தார்கள்.

மறுநாளே ஒரு வண்டி பிடித்துப் பாதிச் சாமானை வீட்டில் சேர்த்தேன். மீதி வேலைக்கு வேண்டுமே. மாமா தன் வலது கால் செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து பார்த்தார். அத்தை ஒவ்வொரு மூடியாக எடுத்து அதனதன் பாத்திரத்தில் பொருத்தினார். கஞ்சிப் பாத்திரத்தின் மூடி உட்காரும்போது ஒரு சத்தம் வந்தது பாருங்கள், டப் என்று, அவ்வளவு நிறைவான சத்தம். என் கை தானாகப் பைக்குள் போனது.

"சத்தத்தை எடுத்துக்கோ. மூடியை விட்டுடு" என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமலே.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அதைவிட ஒரு கேள்வி மனதைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் பாகம் இன்னும் என் கைக்கு வரவில்லை.

"அத்தை, ஊர்க்காரங்க ஈட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு மேல போறாங்களே. பறநாகத்தைக் கொன்னுடுவாங்களா?"

"கொல்றதுக்கா போறாங்க? அவங்கவங்க மூடி எங்க இருக்குன்னு தேடிப் போறாங்க."

"கிடைச்சதும் துரத்திடுவாங்களா?"

அத்தை கஞ்சி மூடியை மறுபடி எடுத்து, என் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, நன்றாகக் கேட்கும்படி இன்னொரு தடவை பாத்திரத்தின்மேல் வைத்தார்.

"எங்க துரத்துவாங்க? அதோட வீடே இதுதானே."